மொழிபெயர்க்கப் போன மச்சான்

“மச்சான், எனக்கு மகளே இல்லையே.”

ஞாயிறு மத்தியானம், அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து கேட்டது இது. சொன்னவர் மெலிந்த ஆள். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் மனைவியின் அண்ணன். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள். அங்கே எல்லாம் சிங்களம். மெலிந்தவர் தமிழில் சொன்னதை மச்சான் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்.

“நான் சொன்னது ரெண்டே வார்த்தை. குடிக்கிறேன், விடணும். நீங்க கால் மணி நேரம் பேசுனீங்க.”

“வெளக்கமா சொன்னேன் மாப்புள.”

“மக சடங்குல குடிச்சிட்டு மைக் செட் மேல வாந்தி எடுத்தேன்னு சொன்னீங்க. எனக்கு ரெண்டும் பயலுக. அது ஒங்க வீட்டுச் சடங்கு.”

“ஒங்களுக்குத்தான் சிங்களம் வராதே?”

“கேட்டா வெளங்கும். பேசத்தான் வராது.”

“எல்லாரும் உருக்கமா பேசுறாங்க. நாம மட்டும் சப்புன்னு பேசிட்டு வரலாமா?”

“அழுதீங்களே மச்சான்.”

மச்சான் சட்டை மடிப்பை நீவிவிட்டார்.

“மக இன்னும் என்கூட பேசுறதில்ல மாப்புள.”

“அடுத்த ஞாயிறும் வாங்க. எனக்குப் பேச ஆள் வேணும்.”

“வர்றேன். ஒங்களுக்காகத்தான்.”

பஸ் அவர்கள் இறங்கவேண்டிய ஹோல்ட்டைத் தாண்டி ஒரு வளைவு தள்ளிப் போய் நின்றது. மெலிந்தவர் எழுந்து கண்டக்டரைச் சிங்களத்திலேயே கிழி கிழியென்று கிழித்தார். ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. மொழிபெயர்க்கப் போனவர் பின்னாலேயே இறங்கினார்.