வச்ச கை

— இன்னைக்குக் கொளலைத் தொட மாட்டேன் தம்பி. ஈறெல்லாம் புண்ணாக் கெடக்கு. நாலு நாள் களிச்சு வாங்க, எடுத்து விடுதேன்.

— நான் மருந்து எடுக்க வரல பெரியம்மா. எடுத்ததைப் பத்திக் கேக்க வந்திருக்கேன்.

— எடுத்ததைப் பத்தியா? அதுல கேக்க என்ன இருக்கு?

— மூணு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம். இதே சாத்தூரு, இதே கட்டாந்தரை. என்னைய மல்லாக்கப் படுக்க வச்சு, தொப்புள்ள பித்தளைக் குழலை வச்சு உறிஞ்சுனீக. கறுப்பா ஒரு உருண்டை வந்துச்சு. தட்டுத் தண்ணியில துப்பிக் காமிச்சீக.

— ஒரு நாளைக்கு அஞ்சாறு பேருக்குக் காமிக்கேன். செல்லக்கனி வீடுன்னு கேட்டு கோவில்பட்டிக்காரனும் வாரான், ராசபாளையத்துக்காரனும் வாரான். ஒங்க மொகத்தை நான் எங்கன போயித் தேட?

— சங்கிலிமுத்து. சிவகாசியில கலர் பிரஸ்ல மிஷினுக்குத் தாள் குடுக்கிறவன். "சோத்துல மருந்து வச்சிருக்கு, வச்சவ ஒங்க வீட்டுலதான் இருக்கா, எடது கைக்காரி"ன்னு சொன்னீக. இப்பத் தெரியுதா?

— உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது. மோரு குடிக்கீகளா?

— வேண்டாம். எதைக் குடிச்சாலும் அடுத்த நிமிசம் ஓடணும். ஒங்க கொல்லை எந்தப் பக்கம்னு பாத்து வச்சுட்டுத்தான் உள்ள வந்தேன்.

— இன்னும் நிக்கலையா?

— எங்க நிக்க? ஒங்க கிட்ட வந்துட்டுப் போயி மூணு மாசம் நல்லா இருந்தேன். ஐப்பசி மழையோட திரும்ப வந்துருச்சு. சளியும் ரத்தமும். நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. காலண்டர் சீசன்ல மிஷின் ஓடிக்கிட்டு இருக்கையில தாளை விட்டுட்டு ஓடுனா எந்த மொதலாளி வச்சுக்கிருவான்? இப்ப கட்டிங் பக்கம் தள்ளிட்டாக. லேபிளை எண்ணிக் கட்டுறேன். பொம்பளைப் பிள்ளைக பாக்குற வேலை.

— அதுக்கு நான் என்ன செய்ய தம்பி? மறுபடி எடுக்கச் சொல்லுதீகளா?

— மறுபடி எடுக்க அங்கன என்ன இருக்குங்கேன்? அதத்தான் கேக்க வந்தேன். மதுரைக்குப் போயிருந்தேன். பெரியாஸ்பத்திரியில பதினெட்டு நாள் படுத்துக் கெடந்தேன்.

— ஊசியாப் போட்டிருப்பாகளே.

— ஊசி விருதுநகர்லயே போட்டாச்சு. சீதபேதின்னு சொல்லி ரெண்டு வருசமாக் குத்துனாக. நெஞ்சு படபடன்னு அடிச்சதுதான் மிச்சம். மதுரைக்காரருதான் பின்னால வெளக்கு வச்ச குழாயை விட்டு உள்ள பாத்தாரு.

— அவுகளும் கொளாய்தானா?

— நீங்க முன்னால வச்சீக, அவரு பின்னால வச்சாரு. அவரு எதையும் துப்பிக் காமிக்கல, அம்புட்டுதான் வித்தியாசம்.

— நல்லாத்தான் பேசுதீக. என்ன சொன்னாரு?

— குடலு பூராவும் புண்ணுன்னாரு. செக்கச் செவேல்னு தோலு உரிஞ்ச மாதிரி இருக்காம். "சீதபேதிப் பூச்சி ஒண்ணும் இல்ல, நாலு தரம் சோதிச்சுப் பாத்துட்டோம்"னாரு. "அப்ப யாரு வச்சது சார்?"னு கேட்டேன்.

— டாக்டர்ட்டயா அதைக் கேட்டீக?

— கேக்காம? என் பொழைப்பே அந்தக் கேள்வியிலதான போச்சு. அவரு கோவிச்சுக்கிரல. கட்டில்ல உக்காந்து சொன்னாரு. பொறந்த நாள்ல இருந்து எல்லார் வயித்துலயும் கிருமி குடியிருக்காம். ஒண்ணு ரெண்டு இல்ல, கோடி கோடியா. பாலு தயிராகுறதும், பழைய சோத்துத் தண்ணி புளிக்கிறதும் கிருமியாலதானாம். அது மாதிரி வயித்துக்குள்ளயும் அதுக பாட்டுக்கு இருக்குமாம். கெடுதல் பண்ணாதாம்.

— பெறகு புண்ணு எப்பிடி வந்துச்சாம்?

— அதுதான் அவருக்கே முழுசாத் தெரியலைங்காரு. சீமையில ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காகளாம். அவரு சந்தேகம் என்னன்னா, எல்லா ஒடம்பும் அந்தக் கிருமிகளோட அனுசரிச்சுப் போகுது, என் ஒடம்பு மட்டும் எதிரி வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டு சண்டை போடுது. அந்தச் சண்டையில வேகுறது குடலு.

— கூடக் குடியிருக்கிறதையே எதிரிங்குதா? அப்ப ஒங்க ஒடம்பும் மனுசன் மாதிரிதான் இருக்கு தம்பி.

— குத்திப் பேசாதீக பெரியம்மா. நான் மூணு தரம் கேட்டேன். "சோத்துல யாராச்சும் எதையாச்சும் வச்சு இப்பிடி ஆகுமா சார்?"னு. மூணு தரமும் இல்லைன்னுட்டாரு. மஞ்ச மாத்திரை குடுத்திருக்காரு. ஒண்ணுக்குப் போனாக்கூட மஞ்சளாப் போகுது. ரத்தம் பாதி கொறைஞ்சிருக்கு. யாரும் எதையும் வைக்கல. அப்ப அந்தக் கறுப்பு உருண்டை எங்கன இருந்து வந்துச்சு?

— கதவைச் சாத்துங்க.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— ஏங் கடவாயில இருந்து வந்துச்சு. புளி, அடுப்புக்கரி, கொஞ்சம் முடி. காலையிலயே உருட்டிக் கன்னத்துக்குள்ள அடக்கிக்கிருவேன். முப்பது வருசமா அடக்கி அடக்கித்தான் இந்தப் புண்ணு. போதுமா?

— இம்புட்டு லேசாச் சொல்லிட்டீகளே.

— கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குங்கான். ஏம் புளுகு முப்பது வருசம் நின்னுருச்சு. எனக்கும் ஆஞ்சு ஓஞ்சு போச்சு தம்பி. கேட்டுக்கோங்க, இங்கன வாரவன்ல பாதிப் பேருக்கு நோவு பயத்துலதான். உருண்டையைக் கண்ணால பாத்தா பயம் போயிரும், நோவும் போயிரும். ஒங்களுக்கு நெசமான நோவு. அது எனக்குத் தெரியாமப் போச்சு.

— இதையே நீங்க ஆலங்குளத்துல வந்து சொல்லணும்.

— ஆலங்குளத்துலயா? அங்கன யாரு?

— என் வீட்டுக்காரி மாரித்தாய். ஆலங்குளத்துக்குப் பக்கத்துலதான் அவ அண்ணன் சோலைச்சாமி வீடு. மூணு வருசமா அங்கனதான் இருக்கா. நான்தான் அனுப்புனேன். இங்கன இருந்து போன அன்னைக்கே, கட்டுன சேலையோட பஸ் ஏத்தி விட்டேன். மதுரையில இருந்து நேரா அங்கனதான் போனேன். அவ வெளிய வரல. சோலைச்சாமி வாசல்லயே மறிச்சுட்டான். "ஊரு முன்னால மருந்து வச்சவள்னு பட்டம் கட்டுன. அந்தப் பட்டத்தைக் கட்டுனவளைக் கூட்டியாந்து அவ வாயாலயே அவுக்கச் சொல்லு"ங்கான். வர்ற வெள்ளிக்கிழமை ஊரைக் கூட்டி அத்து விடப் போறாகளாம். வேற எடத்துல மாப்பிள்ளை பாத்தாச்சாம். இன்னைக்குப் புதன்.

— நான் வந்து "புளியும் கரியும்"னு சொன்னா, நாளைக்கு என் வாசல்ல எவன் வருவான்?

— எவனும் வர மாட்டான். தெரியும்.

— கல்லால அடிச்சாலும் அடிப்பாக.

— நான் முன்னால நிக்கேன். என் மேல படட்டும். பெரியம்மா, எனக்கு வீட்டுக்குப் போனாப் பேச ஆளில்ல. கூட இருக்கிற அக்கா சோத்தை வச்சுட்டு அந்தப் பக்கம் போயிர்றா. ராத்திரி எத்தனை தரம் எந்திரிச்சாலும், மாரித்தாய் இருந்தப்ப செம்புல தண்ணியோட பின்னாலயே வருவா. மொகம் சுளிச்சதில்ல. அவளையா சொன்னோம்னு இருக்கு.

— நீங்க சொல்லலையே. நாந்தான சொன்னேன்.

— அதுதான் எனக்கு இன்னும் வெளங்கல. உருண்டை பொய்யின்னீக, சரி. எடது கைன்னு எப்பிடிச் சொன்னீக? மாரித்தாய் எடது கைக்காரி. கொழம்பு கிண்டுறதுகூட அந்தக் கையாலதான். அதை நான் ஒங்க கிட்டச் சொல்லல. என் கூட வந்தவனும் சொல்லல. சொல்லாமயே தெரிஞ்சிருக்கேன்னுதான நான் நம்புனேன். இல்லைன்னா நம்பியிருப்பேனா?

— நம்பியிருக்க மாட்டீகளா?

— எப்பிடி நம்புவேன்?

— கேட்டுக்கோங்க தம்பி. முப்பது வருசத்துல நான் யாரு பேரையும் சொன்னதில்ல, யாரு அடையாளமும் சொன்னதில்ல. எவன் கேட்டாலும் "வச்ச கை மண்ணுக்குள்ள போயிருச்சு"ம்பேன். செத்தவளை எவன் போயி வெட்டுவான்? ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியனாம். நான் ஒரு குடும்பத்தையும் கெடுக்கல. ஒங்க ஒண்ணைத் தவிர.

— எங்களை மட்டும் ஏன்?

— அன்னைக்கு இங்கன கெளம்பும் முன்ன, வீட்டுல என்ன சொல்லிக்கிட்டு இருந்தீக? நெனப்பு இருக்கா?

— என்னத்தைச் சொன்னேன்... அக்கா மேலதான் எனக்குச் சந்தேகம். பஞ்சம்மா. வெடித் தீயில புருசனைக் குடுத்துட்டு எங்க வீட்டுல வந்து ஒண்டிக்கிட்டவ. அவதான் அப்ப ஒல வைப்பா. தம்பி பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கைவிட்டுருவானோன்னு மருந்து வச்சு மயக்கப் பாத்திருக்கான்னு பிரஸ்ல ஆளாளுக்குச் சொன்னாக. "அக்கா கைதான்னு தெரியட்டும், அன்னைக்கே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுறேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நீங்க வர்றதுக்கு மொத நாள் மத்தியானம் ஒரு பிள்ளை வந்துச்சு. வெயில்ல நடந்தே வந்திருக்கு. காலெல்லாம் புளுதி. ஒரு செம்புத் தண்ணியை மூச்சு விடாமக் குடிச்சுது. எடது கையால.

— மாரித்தாயா?

— பேரு சொல்லல. "நாளைக்கு எங்க வீட்டுக்காரரு வருவாரு, எங்க மதினி பேரைச் சொல்லிராதீக"ன்னுச்சு. நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன், போ தாயீன்னேன். "செத்த கைன்னு சொன்னா அவரு நம்ப மாட்டாரு, திரும்பி வந்து மதினியைத்தான் பிடிப்பாரு. எனக்கு அண்ணன் வீடு இருக்கு, மதினிக்கு எங்களை விட்டா நாதியில்ல. என் கைன்னு சொல்லிருங்க"ன்னுச்சு.

— ஐயோ... அக்காவுக்காகவா? அக்காவைக் காப்பாத்தத் தன் வாழ்க்கையையே தூக்கிக் குடுத்துட்டுப் போயிட்டாளா?

— இல்ல தம்பி. நான் வெள்ளிக்கெளம வாரேன். ஊரு முன்னால புளியும் கரியும்னு சொல்லுதேன், அடிச்சா அடிக்கட்டும். அந்தப் பிள்ளை வந்து பேசுனதை மட்டும் அங்கன சொல்ல மாட்டேன், அதுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஒங்க கிட்டயும் சொல்ல வேண்டாம்னுதான் இம்புட்டு நேரம் பாத்தேன்.

— சொல்லுங்க பெரியம்மா. என்ன இருந்தாலும் சொல்லுங்க.

— நானும் ஒங்களை மாதிரித்தான் நெனச்சேன். "ஒன் பொளைப்பு போயிருமே தாயீ"ன்னேன். அது சிரிச்சுது.

— சிரிச்சாளா?

— "போகாது பெரியம்மா. என்னையச் சொன்னா ஒங்களையத்தான் பொய்க்காரின்னு திட்டிட்டு எந்திரிச்சு வந்துருவாரு. நான் வச்சேன்னு அவரு எந்தக் காலத்துலயும் நம்ப மாட்டாரு"ன்னு சொல்லிச்சு.