மூன்று தரம் முடிக்கிறவர்

இத்தாலியில் சீசா என்ற பகுதியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் ஒருவர் சொன்னார்: "பாட்டு முடிஞ்சு பாட்டுக்காரி சனத்துக்குத் தலை குனிஞ்சிட்டா மச்சான், நான் இன்னும் முடிக்கேல்லை."

கைதட்டும்போதுகூட எனக்குத் தாளம் தவறும், ஒட்டுக்கேட்பதில் தவறாது. அவர் ஆறு வருடமாக இத்தாலியரின் சோல், ஃபங்க் இசைக்குழுவொன்றில் ட்ரம்ஸ் அடிக்கிறாராம். கோயிலில் தவில் அடித்துப் பழகிய கை, தீர்மானம் என்ற முடிவு அடியை மூன்று தரம் அடிக்காமல் எந்தப் பாட்டையும் விடாதாம்.

"ஒரு தரத்தோடை நிப்பாட்டன்," என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"நான் நிப்பாட்டுறன், கை நிப்பாட்டுதில்லை. சனிக்கிழமையும் மூண்டு தரம் அடிச்சால் வேறை ஆளைப் பிடிப்பினமாம்."

"ஆறு வருஷம் பொறுத்தவைதானே?"

"அப்ப பாரிலை அடிச்சம், சனம் வெறியிலை இருந்தது. இப்ப பெரிய மேடை. இதுவும் போனால் நான் முதலாளியம்மா சினியோரா வீட்டிலை நிலம் துடைக்கிறவன் மட்டும்தான்."

ட்ரம்மர் மடியிலிருந்த பையில் தீர்மானத்தை ஒரு தரம் தட்டிவிட்டுக் கைகளை அந்தரத்தில் பிடித்தார். பஸ் குலுங்கியது. கைகள் அசையவில்லை.

மிச்ச இரண்டு தரத்தையும் நண்பர் தன் முழங்காலில் தட்டி முடித்தார்.

"சனிக்கிழமை நீ அங்கை வராதை," என்றார் ட்ரம்மர்.