கேசினோவில் வேண்டிக்கொண்ட மொட்டை

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ். முன்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி.

"அமெரிக்கா போயி, கேசினோ மெஷின் முன்னாடி நின்னுக்கினு எவளாவது குலசாமிக்கு மொட்டை வேண்டிக்குவாளா?" என்றார் அவர்.

"பார்க்கு பார்க்கா இட்டுக்கினு போயி, செலவு கம்மின்னு காருலயே தூங்க வெச்சீங்க. ஒரு நாளாவது ரூம்புல காலு நீட்டிப் படுக்கணும்னு வேண்டிக்கினேன். மெஷின் காசு கொட்டுச்சா இல்லியா?"

"கொட்டுச்சி."

"அந்த ரூம்புல நீங்களுந்தான கொறட்டை வுட்டீங்க?"

"சரி, வேண்டிக்கின. கோயிலு வரப்போவுது. உன் முடி, உன் இஷ்டம்."

அந்தம்மா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுத் தடவிக்கொண்டார்.

"என் முடின்னு யாரு சொன்னா?"

அவர் கை தலைக்குப் போனது. நேற்றுத்தான் சாயம் அடித்திருப்பார் போல; காதோரத் தோல் இன்னும் கறுப்பாக இருந்தது.