பதினேழாம் நம்பர் போல்ட்

துருப்பிடித்த போல்ட்டை அவசரப்பட்டுத் திருகக் கூடாது. முதலில் கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிட வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் சூடு காட்டலாம். அளவு சரியாக இல்லாத ஸ்பேனரைப் போட்டால் தலை மழுங்கிவிடும். அப்புறம் எதைப் போட்டாலும் வழுக்கும்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று நினைப்பீர்கள் ஐயா. ஆனால் என் மேல் வந்திருக்கும் புகார் இரண்டு போல்ட்டில்தான் வந்து நிற்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் கௌக்கோ. முப்பத்தோரு வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி லெம்பி தபால்காரியாக இருந்தவள். கார் அவளுடையது. இருபது வருஷமாக அதில்தான் இந்தக் கரையோரத்து வீடுகளுக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்ப் போட்டாள். பின்லாந்தில் எங்கள் பக்கம் குளிர்காலம் முழுக்க, பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். இருபது குளிர்காலம் உப்பைத் தின்ற கார், அடியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், காலைச் சாப்பாட்டின்போது லெம்பி சொன்னாள்.

"கார் பரிசோதனை முடிஞ்சதும் நான் துர்க்குவுக்குப் போறேன். இர்யா வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு." இர்யா அவள் தங்கை, துர்க்கு நகரத்தில் இருப்பவள்.

"எத்தனை நாளைக்கு?"

"தறியையும் எடுத்துட்டுப் போறேன்."

அவள் கம்பளம் நெய்கிற தறி அது. அதைக் கழற்றி அடுக்கினாலும் அந்தக் காரின் பின்பக்கம் முழுக்க அடைத்துக்கொள்ளும். எத்தனை நாளைக்கு என்று நான் மறுபடி கேட்கவில்லை.

"உன் மேல கோபமெல்லாம் இல்ல கௌக்கோ," என்றாள். "இந்த வீட்டுல என்னோட பேசறது ரேடியோ ஒண்ணுதான். அதுக்கும் நான்தான் பேட்டரி வாங்கிப் போட வேண்டியிருக்கு."

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

வருஷா வருஷம் நடக்கிற அந்தப் பரிசோதனையில் கார் தேறவில்லை; தேறாத காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. வலது முன்சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் இறுகிப்போயிருந்தது, மாற்றச் சொல்லிவிட்டார்கள். அதைப் பிடித்து நிற்பவை இரண்டே போல்ட், பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போடுகிறவை. "ஒரு காலை நேர வேலைதானே, நீயே மாத்திடு," என்றாள். காரை ஷெட்டில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, எண்ணெய் விட்டேன்.

மறுநாள் மாலை, போல்ட் வந்ததா என்று கேட்டாள்.

"வரல," என்றேன். "துரு ரொம்ப ஏறிப்போச்சு."

அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரம், தலை மழுங்கிவிட்டது என்று சொல்லி டார்ச் அடித்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அறுகோணமாக இருந்த தலை கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அவள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வாள். தபால் கொண்டுபோன காலத்துக் கதைகளைச் சொல்வாள். நான் போல்ட்டைப் பற்றிச் சொல்வேன். இரும்பு சூட்டில் எப்படி விரியும், எண்ணெய் எப்படி உள்ளே இறங்கும் என்றெல்லாம். அவள் கேட்டுக்கொள்வாள், சில சமயம் சிரிப்பாள். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

பக்கத்துப் பண்ணை ஆர்வோ ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தான்.

"அடப்பாவி, லாரியையே பிரிச்சுப் போட்டவன், ஒரு போல்ட்டுகிட்ட தோத்துட்டியா? என் வெல்டிங் மெஷினைக் கொண்டுவரேன். மழுங்கின தலை மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு அடிச்சா, அஞ்சு நிமிஷத்துல கழண்டு வரும்."

"பக்கத்துலயே பிரேக் ஆயில் டியூப் போகுது. தீப்பிடிச்சுக்கும்," என்றேன்.

"ஈரத் துணி போட்டு மூடினாப் போச்சு."

"விடு ஆர்வோ," என்றாள் லெம்பி. "அந்த போல்ட்டும் இந்த மனுஷனும் ஒரே ரகம். எண்ணெய்க்கும் மசியாது, சூட்டுக்கும் மசியாது."

மூவரும் சிரித்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டு போல்ட்டும் முதல் நாளே கழன்றுவிட்டன. மத்தியானத்துக்கு முன்னாலேயே. ஒரு நாள் ஊறக்கூட வேண்டியிருக்கவில்லை, எண்ணெயே போதுமானதாக இருந்தது. கொஞ்ச நேரம் அவற்றைக் கையில் வைத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாக வைஸ் இடுக்கியில் பிடித்து, அரத்தால் ஆறு மூலையையும் மழுக்கினேன். அரம் தேய்த்த பளபளப்பு தெரியாமல் இருக்கத் துருத்தூளும் கிரீஸும் பூசி, மறுபடி விரலாலேயே திருகி வைத்தேன். புதுக் காலிப்பரும் புது போல்ட்டும் அலமாரியில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தன.

அவளைப் பூட்டி வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாசல் திறந்தேதான் இருந்தது.

ஒன்பதாவது வாரம். ஏப்ரல் நடுவில் எதிர்பாராத பனிப்புயல். காலை எட்டு மணிக்குக் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். ரோடு மோசமாக இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கார் இருந்தால் அவளை ஏற்றிக்கொண்டு எதிரே வாருங்கள், பாதி வழியில் ஆம்புலன்சுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆர்வோ முந்தின நாளே தன் காரை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தான். மற்ற வீடுகள் எல்லாம் கோடையில் மட்டும் ஆள் வருகிறவை.

"நான் போய்ப் போல்ட்டை ஒரு கை பார்க்கறேன்," என்றேன்.

"வேண்டாம் கௌக்கோ," என்றாள். "இங்கயே உக்காரு. ஏதாவது பேசு."

நான் ஷெட்டுக்குப் போனேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலிப்பரை மாட்ட, பிரேக் ஆயில் குழாயை இணைக்க, அதிலிருந்து காற்றை வெளியே எடுக்க, சக்கரத்தைப் போட, எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். ஆனால் ஒன்பது வாரமாக வராத போல்ட் இருபது நிமிஷத்தில் வந்தால் அவளுக்குத் தெரிந்துபோகும். லெம்பி முட்டாள் இல்லை. பக்கத்து சீட்டில் படுத்துக்கொண்டு வழி முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே வருவாள். அலமாரியை மூடிவிட்டேன்.

பிறகு சுத்தியலை எடுத்து, காரின் அடியில் ஓர் இரும்புத் துண்டை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். ஷெட்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பத்துப் பதினைந்து அடி, பிறகு கொஞ்சம் நிறுத்தம், மறுபடி அடி. உண்மையாகப் போராடுகிறவன் அப்படித்தான் அடிப்பான். ஒரு தடவை சத்தமாகத் திட்டவும் செய்தேன். ஆம்புலன்ஸ் வர எழுபது நிமிஷம் ஆனது. அதுவரை நான் அடிப்பதை விடவில்லை.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அரை மணி முன்னால் கைக்குக் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஆர்வோ வந்தான். தறியை இர்யாவிடம் சேர்க்க வேண்டும், காரை நானே சரிசெய்துவிடுகிறேன் என்று வெல்டிங் மெஷினோடு வந்தான். நான் தடுக்கவில்லை. சும்மா விரல் வைத்துப் பார்த்தான். போல்ட் கழன்று கையில் வந்தது. இன்னொன்றும் வந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போனான். இப்போது உங்கள் மேஜை மேல் இருப்பவை அவைதான்.

நான் எதையும் மறைக்கவில்லை ஐயா. போல்ட்டை மழுக்கியது நான்தான். அவளை அழைத்துக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லாமல்தான் போனாள். அது எனக்கு ஓர் ஆறுதல். கடைசி மூச்சு வரைக்கும், நான் அவளுக்காகப் பாடுபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆம்புலன்ஸில் வந்த பெண் உள்ளே போனபோது, லெம்பி தலையணையை இரண்டு காதோடும் சேர்த்து இறுக்கி அழுத்திப் பிடித்திருந்தாளாம். நெஞ்சுவலி வந்தால் அப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது.