மஞ்சளோட மஞ்சளா

— கண்ணை எங்கடி வச்சிருந்த? முந்தாநேத்து நீ பூச்சி இருக்கான்னு பாத்து அனுப்புன சாமந்திப் பெட்டி திரும்பி வந்திருக்கு.

— என்னக்கா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்ட! என்னவாம்?

— உள்ள நண்டுச் சிலந்தி. பூக்கடைக்காரம்மா கையில ஏறப் பாத்துச்சாம். அவங்க போட்ட கூச்சல்ல கடையே காலியாம்.

— அட, அதுவா! அது என்ன வலையா கட்டுது, கண்ணுல படுறதுக்கு? எந்தப் பூவுல உக்காருதோ அந்த நிறத்துக்கே மெல்ல மாறிடும். தேன் குடிக்க வர்ற தேனீக்கே தெரியாம மாட்டிக்குது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

— இத்தனை வருஷமா தெரிஞ்சுதே! தங்கச்சிக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டான்னு பேசுன வாயையெல்லாம் உன் கண்ணை வச்சுத்தானேடி அடைச்சேன்.

— இப்ப வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களா?

— மேனேஜர் அந்த முடிவோடதான் இருந்தாரு. நான்தான் கையைக் காலைப் புடிச்சேன். பூவும் பூச்சியும் ஒரே நிறம் சார், யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்கன்னு நீ சொல்ற கதையையே சொன்னேன்.

— என் தங்கமே! அதான் என் அக்கா.

— கொஞ்சாத. ஒரே நிறமான்னு கேட்டு, பெட்டியைத் திறந்து என் கையில குடுத்துட்டாரு. இந்தா, சிலந்தி இன்னும் பூ மேலயே இருக்கு. நீயே பாத்துச் சொல்லு.

— ஆமாக்கா... பாரேன், மஞ்சளோட மஞ்சளா எப்படி ஒட்டிக்கிட்டிருக்கு!

— இது வெள்ளைச் சாமந்திடி.

— வெள்ளையா?

— வெள்ளை இதழ் மேல, இன்னும் நிறம் மாறாத மஞ்சள் சிலந்தி பளிச்சுன்னு உக்காந்திருக்கு. சின்னப் புள்ளைகூட கை நீட்டிக் காட்டும்.

— நான் எடுத்தது இடது பக்கத் தட்டுல இருந்து. அதுல மஞ்சப் பூதானே வரும்? முந்தாநேத்து மாத்தி வச்சிட்டாங்களா?

— தட்டை வச்சா நிறம் சொல்ற? எத்தனை நாளா இப்படி?

— ஒரு வருஷம் இருக்கும். அம்மாவுக்கு வந்த அதே கண்ணு நோய்தான். ஒவ்வொரு பூவையும் விரலால தடவித்தான் அனுப்புறேன். இது ஒண்ணு இதழுக்கு அடியில ஒளிஞ்சுக்கிச்சு போல. வெளியில தெரிஞ்சா வேலை போயிடுமேக்கா.

— அடிப்பாவி, எங்கிட்ட சொல்லக்கூடாதா? எதிர் மேசையிலதானே இருக்கேன். தினமும் என் முகத்தைப் பாத்துச் சிரிச்சியேடி!

— குரல் வர்ற பக்கம் பாத்துச் சிரிச்சேன்க்கா.