ஐம்பத்திரண்டு கிலோ

என் பெயர் மு. தேசப்பன், வயது 58, த/பெ முனுசாமி. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் ரோட்டில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை இருபத்தொன்பது வருடம் ஒற்றைத் தோளில் தாங்கியவன் என்று சொன்னேன். ஏட்டையா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்ததால், ஓர் இரும்பு ஆலையில் கம்ப்ரஸர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று திருத்திச் சொல்கிறேன்.

திருவள்ளூரில் உள்ள தனியார் மருத்துவமனையில் 08.08.2025 அன்று நர்ஸ் அறைக் கண்ணாடியை உடைத்து, நர்ஸ் ஹெலன் என்பவருக்குக் கையில் காயம் ஏற்படுத்தியதாகப் பிடிபட்டிருக்கும் ரகு, என் தங்கை சின்னப்பொண்ணுவின் மகன். அவன் மேல் உள்ள வழக்கு குறித்தும், ஹெலன் மேல் அவன் கொடுத்துள்ள புகார் குறித்தும் சொல்ல, யாரும் அழைக்காமல் நானாக வந்திருக்கிறேன்.

என் தங்கைக்கு வயது 51. கணவர் இறந்த பிறகு என் வீட்டில்தான் இருக்கிறாள். மார்பகப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது என்று சென்ற வருடம் சொன்னார்கள். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பஸ் மாறிக் கூட்டிப்போய் மருந்து ஏற்றி வந்தேன். ஜூன் மாதம் டாக்டர் இளமதி ஒரு நோட்டை என்னிடம் கொடுத்து, "இந்த மருந்து சிலருக்கு இதயத்தையும் தாக்கும். தினமும் காலைல எடை பார்த்து எழுதுங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ உடனே போன் பண்ணுங்க. மருந்தை நிறுத்திட்டு, இதயத்தை சரி பண்ணிட்டு, அப்புறம் குடுக்கலாம்" என்றார். நிறுத்திட்டு என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

ஆலையில் மணிக்கொரு முறை பிரஷர் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. நாற்காலியில் இருந்தபடியே ஷிப்டு முழுவதற்கும் எழுதிவிடுவோம். அதற்கு 'உக்காந்த ரீடிங்' என்று பெயர். தங்கையின் எடையை முதல் எட்டு நாள் உண்மையாகப் பார்த்தேன். தினமும் 52 கிலோ. அதன் பிறகு உக்காந்த ரீடிங் போட்டேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் அவள், "ண்ணா, ரெண்டு தலகாணி வச்சாதான் படுக்க முடியுது. செருப்பு வேற காலுக்குள்ள போவ மாட்டேங்குது" என்றாள். நான், "மழ பெஞ்சா ஆரணி ஆறே வீங்குது, உன் காலு வீங்கக் கூடாதா?" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். ஐம்பத்தைந்தரை காட்டியது. பார்த்துவிட்டுத்தான் 52 என்று எழுதினேன். மருந்தை நிறுத்தினால் அவள் பிழைக்க மாட்டாள் என்று பயந்தேன்.

06.08 அன்று மருந்து ஏற்றும் முன் ஹெலன் எடை மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, "அம்மா, கொஞ்சம் ஏறி நில்லுங்க" என்றார். தங்கை வீல் சேரில் இருந்தாள். நான் குறுக்கே புகுந்து, "இன்னா சிஸ்டர், பஸ்ல வந்து கால் கடுத்துக்கினு உக்காந்துகிறா, பேஜார் பண்றீங்க? நோட்டப் பாருங்க, அம்பத்திரெண்டு. உங்க மெஷினு பொய் சொல்லும், நம்ம நோட்டு சொல்லாது. நேத்துகூட திருத்தணி மலைல முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் ஓடியே ஏறினா" என்றேன். அந்த வாரம் என் வீட்டு வாசலில் உள்ள மூன்று படியை அவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினாள். ஹெலன் சிரித்து, "இவ்ளோ நீட்டா நோட்டு வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான் சார்" என்று சொல்லி 52 என்று குறித்துக்கொண்டார். டாக்டரும் நோட்டைப் பார்த்த பிறகே மருந்து ஏற்றச் சொன்னார்.

08.08 காலை ஆறு மணிக்குத் தங்கை படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே திணறினாள். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸில் அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இதயம் பாதி பலத்தில்கூட அடிக்கவில்லை, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். கட்டிலோடு எடை பார்த்து, கட்டில் எடையைக் கழித்ததில் 58. டாக்டர் என்னிடம், "நோட்டுல அம்பத்திரெண்டுதானே இருந்துச்சு?" என்று கேட்டார்.

அதன் பிறகு ரகு போன் செய்து, "இன்னா மாமா ஆச்சு அம்மாவுக்கு?" என்று கேட்டான். "நர்சு எடை பாக்காமலே மருந்த ஏத்திட்டாங்க நைனா" என்றேன். நான் பிறந்தது முதல் எதையும் கூட்டாமல் சொன்ன ஒரே பேச்சு அதுதான். அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை.

அவன் கம்பெனி யூனிபார்மோடு வந்து ஹெல்மெட்டால் கண்ணாடியை அடித்தான். சில்லு பட்டு ஹெலனின் கையில் ரத்தம் வந்தது. அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அம்மாவோட ஆக்ஸிஜன பார்த்துட்டு வந்துடறேன், அப்புறம் திட்டுங்க" என்று உள்ளே போனார். நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இப்போது அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தங்கை இன்னும் இதயப் பிரிவில் இருக்கிறாள். மாத்திரையில் இதயம் தேறினால் புற்றுநோய் மருந்தை மறுபடி தொடங்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஜூன் மாதமும் இதையேதான் சொன்னார். நேற்று தங்கை மாஸ்க்கை விலக்கி, "நோட்டு எழுதிட்டியா ண்ணா? சிஸ்டர் கேப்பாங்க" என்றாள். அவளிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை.

மேற்படி நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஏட்டையா புரட்டிப் பார்த்துக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். ஆகஸ்ட் 31 வரை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். 08.08 பக்கத்தில், எடை 52, மூச்சு சரி, கால் வீக்கம் இல்லை என்று இருக்கிறது. இன்றைய பக்கத்திலும் அப்படியே இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

ஏட்டையா இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் எதையும் கூட்டவும் இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதவும் இல்லை.

(ஒப்பம்) மு. தேசப்பன்
14.08.2025