வளைவுக்கு முன்னால் கோடு போடுங்கள்

விழாக்குழுவின் மாண்புமிகு தலைவர் அவர்களே! வீதியையே வெற்றித் திடலாக்கித் தந்த வணிகப் பெருமக்களே! முன்வரிசை மூத்தோரே! பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நாளை மாலை இந்தக் கடைவீதியில் சைக்கிள் பந்தயம் முடியப்போகிறது. என் கணவரும் ஓட்டுகிறார், கொழுந்தனும் ஓட்டுகிறார். ஒரே அணி. தம்பி காற்றைக் கிழித்து முன்னே போவார். அண்ணன் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டி வருவார். முடிவுக் கோடு நெருங்கியதும் தம்பி விலக, அண்ணன் பாய்வார்.

கேட்க இனிக்கிறதல்லவா? சென்ற ஆண்டு நடந்ததையும் கேளுங்கள்!

இதே போன்றதொரு கடைவீதி. இதே போன்றதொரு கடைசி வளைவு. துண்டும் தண்ணீருமாய் நான் கோட்டுக்கு அப்பால் நின்றேன். முழங்கை உரச, மூச்சு முட்ட, மொத்தக் கூட்டமும் வருகிறது. தம்பி விலகினார். விலக இடம் எங்கே? தடுப்புக் கம்பியின் கால் வீதிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் சிக்கியது. பின்னால் வந்தவர்கள் அவர் மேலேயே சரிந்தார்கள்.

என் கணவர் வென்றார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். இரும்பு சரிந்த சத்தம் அவருக்கும் கேட்டது. விழுந்தது வேறு யாரோ என்று நினைத்தார். சிரித்த முகத்தோடு என்னிடம் வந்து கேட்டார்: "தம்பி எங்க?"

கையிலிருந்த துண்டால் வளைவைக் காட்டினேன்.

தாடை உடைந்து, தோள் உடைந்து, மாதக்கணக்கில் படுத்து எழுந்தவர் நாளை மறுபடியும் ஏறுகிறார். "வேணாம் தம்பி" என்றேன். "பயந்தா பிரேக் பிடிப்பேன் அண்ணி. பிடிச்சா பின்னாடி வர்றவன் என் மேல ஏறிடுவான். பயப்படுற வேலைய நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா! இன்று காலை உங்கள் வளைவில் நடந்து பார்த்தேன். வளைவு திரும்பியதுமே கோட்டுக்கு இடம் குறித்திருக்கிறீர்கள்; இங்கேயும் தடுப்புக் கம்பியின் கால் வீதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே கடைக்கார அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "கடைவீதியில முடிஞ்சாத்தானேம்மா கூட்டம் வரும்?" வரும் அண்ணே! வளைவுக்கு முன்னால் அகலமான நேர்ச்சாலை இருக்கிறதே, அங்கேயும் வரும்! வேகம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? விழாத வேகம் வேண்டும் என்கிறேன். வீரம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? வீடு திரும்பும் வீரம் வேண்டும் என்கிறேன். வென்றவன் திரும்பிப் பார்க்க அஞ்சாத வெற்றி வேண்டும் என்கிறேன்!

தலைவர் தலையசைக்கிறார். அது போதாது ஐயா, மைக்கில் சொல்லுங்கள். இதோ, நகர்ந்துகொள்கிறேன்.

"சரிம்மா... கோட்டை நேர் ரோட்டுக்கே மாத்திடுறோம். கால் நீட்டாத தடுப்பா பாத்து வைக்கச் சொல்றேன்."

கேட்டீர்களா தாய்மார்களே? கை தட்ட நேரமில்லை. வெள்ளைப் பெயின்டை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள். இருட்டுவதற்குள் கோட்டைப் போட்டுவிடுவோம். நன்றி, வணக்கம்!